படம் பையனுடையது, பாட்டு யாருடையது?

கல்லூரியிலே ஒரு மாணவன் குறும்படம் எடுக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவனுடைய தாயார் பூக்கட்டி விற்பவர். அவரைப் பற்றித்தான் படம். கடைசியில் அந்த அம்மாள் தன் கஷ்டத்தைச் சொல்கிறார். பின்னால் ஒரு சினிமாப் பாட்டு ஒலிக்கிறது. வகுப்பிலே எல்லோரும் கண் கலங்கினார்கள். ஆசிரியர் நல்ல மார்க் போட்டார்.

அன்று இரவே பையன் படத்தை ‘யூடியூப்’பில் ஏற்றினான். தடுத்து விட்டார்கள்! பாட்டு வரும் இடத்தில் ஒலியை நீக்கினால்தான் படம் ஓடும் என்றார்கள். நீக்கினான். பாட்டோடு தாயாரின் பேச்சும் போயிற்று.

இப்படி அகப்பட்டுக் கொள்ளும் மாணவர்கள் பலர்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு மாணவர்களுக்குச் சலுகை தருகிறது. பாடத்துக்காக ஆசிரியரும் மாணவரும் பிறர் படைப்பைப் பயன்படுத்தலாம். கல்லூரிக்குள்ளே மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னிலையில் போட்டும் காட்டலாம். ஊரார் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால் அந்தச் சலுகை கைகொடுக்காது.

“30 விநாடி போட்டால் குற்றமில்லை” என்று மாணவர்கள் சொல்லிக் கொள்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. படத்தின் முடிவில் “நன்றி” என்று போட்டு விட்டால் அனுமதி வாங்கியதாகவும் ஆகாது.

ஒரு பாட்டில் பல உரிமைகள் அடங்கி இருக்கின்றன. பாரதியார் பாடல்கள் 1949-ல் நாட்டுடைமை ஆயின. அவற்றை யாரும் பாடலாம். ஆனால் சினிமாக்காரர் அதற்குப் போட்ட மெட்டு வேறு. பாடிப் பதிவு செய்த ஒலி வேறு. மெட்டுக்கு, அமைத்தவர் காலமாகி 60 ஆண்டு வரை உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு.

சட்டம் கடுமையானது என்று நான் சொல்ல மாட்டேன். தாயாரின் உழைப்புக்குக் கூலி போதவில்லை என்று படம் எடுக்கிற பையன், பாட்டுக்காரரின் உழைப்பை இலவசமாக எடுக்கலாமா? ஆனால் பையனையும் குறை சொல்ல மாட்டேன். காமிராவைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லையே! “மார்க்குக்குத்தானே, எந்தப் பாட்டையாவது போடு” என்கிற ஆசிரியர்தான் எனக்குக் கோபம் மூட்டுகிறார். படம் எடுக்கிறவன் நாலு பேருக்குக் காட்டாமல் இருப்பானா?

வழி இல்லாமல் இல்லை. யூடியூப் நிறுவனமே இலவச இசைத் தொகுப்பு ஒன்று வைத்திருக்கிறது. அதைவிட நல்லது, பக்கத்து வகுப்பில் புல்லாங்குழல் வாசிக்கிற பையனைக் கூப்பிடுவது. சொந்தமாக ஒரு மெட்டு வாசிக்கச் சொல்லி, அனுமதியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொள்ளலாம்.

பூக்கட்டும்போது அந்த அம்மாள் தானாக எதையோ முணுமுணுப்பாரே, அதையே பதிவு செய்திருக்கலாம். (அதுவும் சினிமாப் பாட்டாக இருந்து விட்டால் பழைய கதைதான்!)