பணம் பத்திரமாய்ப் போனால் போதுமா?

உண்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையின் மேல் திருடன் தன் அட்டையை ஒட்டிவிடுகிறானாம். ஆகவே, கைப்பேசியில் தெரியும் பெயரைப் பார்த்தே மாதா கோவிலுக்குப் பணம் அனுப்ப வேண்டுமாம். நல்ல யோசனைதான், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பணத்தின் கதி என்ன?

1517-இல் ஜெர்மனியில் டெட்செல் என்னும் பாதிரியார் பாவமன்னிப்புச் சீட்டு விற்று வசூலித்த பணத்தைவிடப் பத்திரமாய்ப் போன பணம் உண்டா? பெட்டிக்குப் பூட்டு, கூடவே ஃபுக்கர் என்ற பெரிய லேவாதேவிக் குடும்பத்தின் ஆள் காவல்! ரோமாபுரியில் பேதுரு கோவில் கட்டுவதற்கென்று ஜனங்களிடம் சொல்லப்பட்டது. பாதிதான் அங்கே போவது. மற்றப் பாதியோ, ஆல்பிரெக்ட் என்பவர் மைன்ஸ் நகர அதிமேற்றிராணியார் பதவியைப் பெறுவதற்காக அதே ஃபுக்கரிடம் வாங்கிய கடனுக்கு! காவல் எதற்கென்று இப்போது விளங்குகின்றதல்லவா? பட்டினி கிடந்து காசு போட்ட குடியானவனுக்கு இதை யார் சொன்னார்கள்?

கத்தரிக்காய்க் கடையில் ஒரு ரூபாய்க்கு வழக்காடுகிற நம் பக்த சிகாமணிகள், பாதிரியாரிடமும் குருக்களிடமும் மாத்திரம் ஏன் வாய் திறப்பதில்லை? பணம் அனுப்புமுன் போன வருஷத்து வரவு செலவுக் கணக்கை எழுதிக் கேட்கட்டும். பதில் வரும்வரை பணம் அவர்கள் பையிலேயே இருக்கட்டும்.