பழைய பைத்தானிலும் ஓடட்டும்: கம்பைல் ஸ்கிரிப்டுகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

மாணவர் எழுதிய நிரலைக் கம்பைல் செய்து ஓட்டித் தரும் ஸ்கிரிப்ட், அதை எழுதியவரின் கணினியில் ஓடினால் போதாது. மாணவரின் கையில் இருக்கும் கணினியில் ஓட வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கணினி அறிவியல் கற்பிப்போரும் மென்பொருள் எழுதுவோரும் சேர்ந்துள்ள எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்: இவ்விரு மாவட்டங்களிலும் பாடத்துக்கும் பயிற்சிக்கும் தரப்படும் ஸ்கிரிப்டுகள் பைத்தான் 3.8 முதல் இன்றைய பதிப்பு வரை எல்லாவற்றிலும், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓட வேண்டும். ஓட்டுவதற்காக இணையத்திலிருந்து கூடுதலாக எதையும் இறக்கச் சொல்லக் கூடாது.

3.8-ஐ ஏன் பிடித்துக்கொள்கிறோம்? விண்டோஸ் 7-இல் நிறுவக்கூடிய கடைசி பைத்தான் அதுதான். 2020 அக்டோபரில் வந்த 3.9 முதல் அந்த வாசல் மூடப்பட்டுவிட்டது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸ் 7-உம், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. அக்காவுக்குக் கிடைத்தது தம்பி கைக்கு வந்து, பேட்டரி போய், மின்இணைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. குன்னத்திலோ செந்துறையிலோ இருக்கும் ஒரு பிள்ளையிடம் முதலில் புதுக் கணினி வாங்கிக்கொண்டு வா என்று சொல்வது பாடம் நடத்துவதாகாது.

கம்பைல் ஸ்கிரிப்ட் ஏதோ மென்பொருள் நிறுவனங்களின் கவலை என்று நினைப்பவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் நூலைத் திறந்து பார்க்கலாம். சி++ நிரலைப் பைத்தானில் கொண்டுவருவது பற்றி அதில் ஒரு பாடமே உண்டு. அதில் வரும் பைத்தான் ஸ்கிரிப்ட், சி++ ஃபைலின் பெயரை வாங்கி, ஜி++ கம்பைலரை அழைத்து, உருவான ஃபைலை உடனே ஓட்டுகிறது. அளவில் சின்னதாக இருந்தாலும் அது முழுமையான ஒரு பில்ட் ஸ்கிரிப்ட். அரசுப் பள்ளி மாணவருக்கு இதை அறிமுகப்படுத்தியது நல்ல முடிவு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அது விண்டோஸை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெளியீட்டு ஃபைலின் பெயரோடு ‘.எக்ஸ்இ’ என்ற வாலை அது தானே ஒட்டிவிடுகிறது. லினக்ஸில் ஜி++ அந்தப் பெயரை மறுக்காது. சொன்னபடி ஃபைலை உருவாக்கிவிடும். அடுத்து வெறும் பெயரைச் சொல்லி ஓட்டும்போதுதான் சிக்கல். லினக்ஸ், நாம் நிற்கும் ஃபோல்டரில் தானாகத் தேடாது. கட்டளையைக் காணோம் என்று சொல்லிவிடும். நிரல் சரி, கம்பைலும் சரி, ஆனாலும் விடை வராது. மாணவர் தன் சி++ நிரலில்தான் பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. கம்பைல் வெற்றியா தோல்வியா என்று அந்த ஸ்கிரிப்ட் பார்ப்பதில்லை. நேற்று உருவான ஃபைல் அதே ஃபோல்டரில் கிடந்தால், இன்று கம்பைல் தோற்றாலும் நேற்றைய நிரல் ஓடி நேற்றைய விடையைத் தரும். சப்ப்ராசஸ் தொகுதியின் ரன் செயற்கூற்றைப் பயன்படுத்தி, திரும்பி வரும் எண் பூஜ்ஜியம்தானா என்று பார்த்து, முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டினால் இரண்டு குறைகளும் தீரும். 2015-இல் வந்த பைத்தான் 3.5-இலிருந்தே இந்த வசதி உள்ளது. கட்டளையின் பகுதிகளைப் பட்டியலாகக் கொடுத்தால், ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் கட்டளை உடைந்துபோகும் தொல்லையும் இதோடு ஒழியும்.

பைத்தானை எந்தப் பெயரில் அழைப்பது என்பது தனித் தலைவலி. டெபியன் 10 வரை ‘பைத்தான்’ என்றால் 2.7. டெபியன் 11-இலும் உபுண்டு 20.04-இலும் அந்தப் பெயரில் கட்டளையே இயல்பாக இருக்காது; ‘பைத்தான்3’ என்றுதான் அழைக்க வேண்டும். விண்டோஸில் ‘பைத்தான்3’ என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் கடை திறந்துகொள்வதும் உண்டு. ஆகவே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் இன்னொன்றை அழைக்கும்போது பெயரை யூகிக்கக் கூடாது. தன்னை ஓட்டிக்கொண்டிருக்கும் இன்டர்பிரெட்டர் எங்கே இருக்கிறது என்பதை சிஸ் தொகுதியிடமே கேட்டுப் பெறலாம்.

பதிப்பைச் சோதிக்கும் வரியை முதலில் எழுதிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. பைத்தான் முதல் வரியை ஓட்டுவதற்கு முன்பே ஃபைல் முழுவதையும் வாசித்து இலக்கணம் பார்க்கிறது. கீழே எங்கோ 3.10-இல் வந்த மேட்ச் கூற்று இருந்தால், 3.8 இலக்கணப் பிழை என்று நின்றுவிடும். உங்கள் எச்சரிக்கை வரி ஓடவே ஓடாது. பதிப்பைச் சோதிக்கும் பகுதியைப் பழைய இலக்கணத்தில் தனிச் சிறு ஃபைலாக எழுதி, அது தேறிய பிறகே மற்றதை அழைப்பது சரி. எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். டிஸ்ட்யூட்டில்ஸ் தொகுதியை நம்பிய பழைய ஸ்கிரிப்டுகள் 2023-இல் வந்த 3.12-இல் நின்றுபோயின.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொன்று. ஃபைலைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், லினக்ஸில் சரியாக வரும் தமிழ் எழுத்து விண்டோஸில் குப்பையாகும், அல்லது நிரலே பிழை காட்டி நிற்கும். 3.15 பதிப்பில்தான் யுடிஎஃப்-8-ஐ இயல்புநிலையாக்க முடிவாகியிருக்கிறது. அதுவரை காத்திருக்க எங்களால் முடியாது.

எல்லாக் கணினியையும் ஒரே பதிப்புக்கு மாற்றிவிட்டால் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. கேரளத்தில் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென ஒரே லினக்ஸ் இயங்குதளத்தைத் தருகிறது. ஆனாலும் வீட்டுக் கணினியை எந்தச் சுற்றறிக்கையும் மாற்றிவிடாது. டாக்கரைப் பரிந்துரைப்பவர்கள் அது கேட்கும் நினைவகத்தையும் டேட்டாவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். 3.8-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன என்ற எதிர்ப்பு கனமானது. அதனால்தான் எங்கள் நிலைப்பாடு கம்பைல் ஸ்கிரிப்டுகளோடு நிற்கிறது. இணையத்தில் சேவை தரும் எதையும் 3.8-இல் ஓட்டக் கூடாது. 2020 சனவரி முதல் நாளோடு ஆதரவு முடிந்த பைத்தான் 2-க்காக யாரும் மெனக்கெடவும் வேண்டாம்.

பாடநூலைத் தயாரிக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், அந்தப் பாடத்தின் ஸ்கிரிப்டை அடுத்த பதிப்பில் லினக்ஸிலும் ஓடுமாறு திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சில வரி மாற்றம்தான். இரு மாவட்டங்களின் கல்லூரி ஆசிரியர்களே, செய்முறைத் தேர்வுக்கான ஸ்கிரிப்டை மாணவர்களிடம் கொடுக்கும் முன் உங்கள் லேபில் உள்ள ஆகப் பழைய கணினியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.