நிறுத்திட்டு, நிறுத்துப் பாருங்க!

போன சனிக்கிழமை நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஓய், பழைய மோட்டார் ஹோம் ஒண்ணு வாங்கிட்டேன். அடுத்த மாசம் குடும்பத்தோட யெல்லோஸ்டோன்."

"ரொம்ப சந்தோஷம். எடை போட்டாச்சா?"

"யாரை, என்னையா?"

"உம்ம எடைதான் ஊருக்கே தெரியுமே. வண்டியை ஓய்!"

"அதெல்லாம் கம்பெனிக்காரன் போட்டுத்தான் அனுப்பியிருப்பான். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. நீர் எதுக்கெடுத்தாலும் பயமுறுத்துவீர்."

அங்கேயே பேச்சை முடிச்சுட்டேன். இனி வாயால சொல்லிப் பிரயோஜனம் இல்லை, பதிவாவே போட்டுடலாம்னு உட்கார்ந்தாச்சு. அமெரிக்காவில் பொட்டி தட்டுற நம்ம மக்கள் நிறைய பேர் இப்ப வீட்டோட ஊர் சுத்தக் கிளம்பியிருக்காங்க. வாடகைக்கோ சொந்தமாவோ, வண்டி எதுவா இருந்தாலும் இது உங்களுக்கும்தான்.

முதல்ல என் கதை. 2019 ஜூலை. அரிசோனாவில் ஐ-40, கிங்மேனுக்குப் பக்கம். வெயில்னா வெயில், தார் ரோடு கானல் அடிக்குது. வண்டி ஃபோர்டு ஈ-450 சேசிஸ் மேல கட்டின 2006 மாடல். தங்கமணி பக்கத்து சீட்டில். பசங்க ரெண்டு பேரும் பின்னாடி வலது பக்கம் சாப்பாட்டு மேஜையில் சீட்டு விளையாடிட்டு இருந்தாங்க. திடீர்னு வெடிகுண்டு மாதிரி ஒரு சத்தம். வலது பின்பக்க ரெட்டை டயர்ல வெளி டயர் போச்சு. கிழிஞ்ச ரப்பர் சாட்டை மாதிரி சுழன்று சக்கர வளைவைப் பிளந்து, கழிவுத் தண்ணிக் குழாயைப் பிடுங்கிட்டுப் போயிருந்தது. வீச்சம் எப்படின்னு விவரிக்க மாட்டேன், சாப்பிடுற நேரத்துல படிக்கிறவங்க இருப்பீங்க :-)

யாருக்கும் அடி இல்லை. ஆனா பிளந்த இடத்துக்கும் சின்னவன் கால் வச்சிருந்த இடத்துக்கும் நடுவுல ஒரு ஒட்டுப்பலகை. அவ்வளவுதான். இன்னிக்கும் ராத்திரி சில சமயம் அந்தப் பலகை ஞாபகம் வரும்.

டயர் மாத்த வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இதை எடை போட்டிருக்கியா?" எனக்குக் கோபம். டயர் வாங்கி ரெண்டே வருஷம், ஸ்டிக்கரைப் படிச்சிருக்கேன், வித்த டீலர் "நீ என்ன ஏத்தினாலும் தாங்கும்"னு சொல்லியிருக்கான். அவர் சிரிச்சிட்டு, அடுத்த டிரக் ஸ்டாப்பில் எடை மேடை இருக்குன்னு கை காட்டிட்டுப் போயிட்டார்.

மறுநாள் போனேன். முன் ஆக்ஸில் 3,960 பவுண்ட், பின் ஆக்ஸில் 9,260, மொத்தம் 13,220. என் வண்டிக்கு அனுமதி முன்னாடி 4,600, பின்னாடி 9,450, மொத்தம் 14,050. பாஸ்! மூணு பாடத்துலயும் பாஸ்! சீட்டைத் தங்கமணிகிட்ட நீட்டிட்டு, "பாத்தியா, ஓவர்லோடு இல்லை. டயர் கம்பெனிதான் திருடன்"னு தீர்ப்பும் சொல்லியாச்சு.

அந்த மிதப்பு ஒரு நாள்தான். அடுத்து தங்கின இடத்தில், பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி சக்கரத்துக்கு அடியில் வைக்கிற நாலு எடைப் பலகை வச்சிருந்தாங்க. நாலு மூலையையும் ஒரே நேரத்தில் எடுத்தோம். பின்பக்கம் இடது ஜோடி 4,200. வலது ஜோடி 5,060.

இப்ப கணக்குப் போடுங்க. டயர் எல்டி225/75ஆர்16, லோடு ரேஞ்ச் ஈ. தனியா ஓடினா 80 பவுண்ட் காத்துல 2,680 பவுண்ட் தாங்கும். ரெட்டையா ஓடினா ஒவ்வொண்ணும் 2,470தான். ஜோடிக்கு 4,940. என் வலது ஜோடி சுமந்தது 5,060. அதாவது 120 பவுண்ட், நம்ம கணக்குல 54 கிலோ அதிகம். ரெண்டு டயரும் சமமா தூக்கினா இந்தக் கணக்கு. உள் டயர்ல காத்து குறைவா இருந்தா வெளி டயர்தான் எல்லாத்தையும் சுமக்கணும். உள் டயர் வால்வுக்குக் கை எட்டலைன்னு நான் அதைச் சரியா பாக்கவே இல்லை. இதுதான் வெடிச்சதுக்குக் காரணம்னு கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனா நாலு மூலையில் எது ரொம்பக் கனமா இருந்ததோ அதேதான் வெடிச்சது.

மொத்த எடை பாஸ். ஆக்ஸில் எடை பாஸ். ஒரு மூலை ஃபெயில். வீட்டுல நாலு பேருக்கு எட்டு இட்லின்னா ஆளுக்கு ரெண்டுன்னு கணக்கு சரியாத்தான் வரும். ஒருத்தன் ஆறு தின்னுட்டா மத்தவன் பட்டினி. சராசரி யாரோட வயித்தையும் நிரப்பாது.

இனி நம்ம நண்பர் மாதிரி ஆட்களோட வாதங்களை ஒவ்வொண்ணா எடுப்போம்.

"ஸ்டிக்கர் இருக்கே." அய்யா, ஸ்டிக்கர் உங்க எடை இல்லை, உங்களுக்குக் கொடுத்த வரம்பு. 2008 ஜூனில் இருந்து தயாரான மோட்டார் ஹோம்களில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு எண் ஒட்டியே ஆகணும்னு அமெரிக்க அரசு விதி இருக்கு. நல்ல விதி. தொட்டித் தண்ணியும் சாமான் கணக்குதான்னு அதுலயே எழுதியிருக்கும். ஆனா அது வண்டி முழுசுக்கும் சேர்த்து ஒரே எண். எந்த மூலையில் எவ்வளவுன்னு சொல்லாது. உங்க வெட் கிரைண்டரும், பொன்னி அரிசி மூட்டையும், மூணு பிரஷர் குக்கரும், இரும்பு தோசைக்கல்லும் எந்தப் பக்கம் இருக்குன்னு அந்த ஸ்டிக்கருக்கு எப்படிங்க தெரியும்? என் வண்டியில் சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், தண்ணித் தொட்டி எல்லாமே வலது பக்கம். கட்டினவன் ஆரம்பிச்சதை நான் அரிசி மூட்டையால முடிச்சு வச்சேன்.

"பின்னாடி ரெண்டு சைக்கிள்தானே, என்ன பெரிய எடை?" பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடி தொங்குற எடை அதோட சொந்த எடையா மட்டும் இறங்காது. ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல 220 அங்குலம் இருக்குன்னு வைங்க. பின் ஆக்ஸிலுக்கு 110 அங்குலம் பின்னாடி 300 பவுண்ட் மாட்டினா, பின் ஆக்ஸில்ல 450 ஏறும். முன் ஆக்ஸில்ல 150 குறையும். ஏத்தக்கோல் பார்த்த ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கணுமா? ஸ்டீயரிங் ஏன் லேசா மிதக்குதுன்னு நாலு மெக்கானிக்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி பின்னாடி என்ன தொங்குதுன்னு பாருங்க.

"காத்தை ஃபுல்லா அடிச்சா போச்சு." இதுதான் எனக்கு ரத்தம் கொதிக்க வைக்கிற வாதம். டயர் பக்கவாட்டுல எழுதியிருக்கிறது, இந்த அதிகபட்ச எடைக்கு இவ்வளவு காத்துன்னு. 5,060ஐ 4,940 ஆக்குற காத்து இன்னும் கண்டுபிடிக்கலை. எடை குறைவா இருக்கிற முன் சக்கரத்துலயும் 80 அடிச்சா, டயர் நடுப்பாகம் மட்டும் தரையைத் தொடும், வண்டி குதிக்கும், பிரேக் பிடிப்பு குறையும். முறை என்னன்னா, ஒவ்வொரு ஆக்ஸில்லயும் கனமான மூலை எதுன்னு பாத்து, டயர் கம்பெனி அட்டவணையில் அந்த எடைக்கு என்ன காத்தோ, அதையே அந்த ஆக்ஸிலோட எல்லா டயருக்கும் வைக்கணும். மூலை எடை தெரியாம அட்டவணையை எப்படிப் படிப்பீங்க?

"ஏர் பேக் ஸ்ப்ரிங் போட்டுட்டேன், இப்ப கூட ஏத்தலாம்." ஏத்தக்கூடாது சாமி. ஆக்ஸில் வரம்புங்கறது ஆக்ஸில், ஸ்ப்ரிங், வீல், டயர் இந்த நாலில் எது பலம் குறைஞ்சதோ அதை வச்சுத்தான். ஸ்ப்ரிங் மாத்தினா பின்பக்கம் தூக்கலா அழகா நிக்கும், டயர் அதே டயர்தான்.

"அப்படி ஆபத்துன்னா கவர்மெண்டே புடிக்காதா?" புடிக்காது. லாரிக்காரன் எடை நிலையத்துல வரிசையில் நின்னே ஆகணும். நாம பெரும்பாலான மாநிலங்களில் கையாட்டிட்டுப் போயிடலாம். 26,000 பவுண்டுக்குள்ள இருந்தா சாதாரண கார் லைசென்ஸ் போதும். 2000ல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்து உயிர்கள் போய், ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கினப்ப, காத்துக் குறைவும் சுமையும் சூடும் சேர்ந்தா டயர் என்ன ஆகும்னு நாடே பேசிச்சு. அதே வருஷம் சட்டம் வந்து, அதுல இருந்துதான் புது கார்களில் காத்து குறைஞ்சா எச்சரிக்கிற விளக்கு கட்டாயமாச்சு. ஆனா அந்த விதி 10,000 பவுண்ட் வரைக்கும்தான். ஆறு டன் வீட்டை இழுத்துக்கிட்டுப் போற என் வண்டிக்கு இல்லை. ஆபீஸ் போற குட்டிக் காருக்கு உண்டு. என்ன நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

விக்கிறவனுக்கு வண்டி விக்கணும். சட்டம் ஒரு எண்ணை ஒட்டச் சொல்லிட்டு ஒதுங்கிடுச்சு. மிச்சம் இருக்கிறது நாமதான்.

செய்ய வேண்டியது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பயணத்துக்குக் கிளம்புற மாதிரியே எல்லாத்தையும் ஏத்துங்க. பெட்ரோல், கேஸ், தண்ணி ஃபுல். ஆட்களும் அவங்கவங்க இடத்துல. டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் போர்டு தேடுங்க, அமெரிக்கா கனடாவில் 2,000 இடத்துக்கு மேல இருக்கு. முன் சக்கரம் முதல் பலகையில், பின் சக்கரம் அடுத்ததில். ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிச் சொன்னா எடை எடுத்துடுவாங்க, உள்ளே போய் சீட்டு வாங்கிக்கலாம். ஒரு சினிமா டிக்கெட் காசுதான்.

அதோட நிறுத்திடாதீங்க, என்னை மாதிரி மிதப்புல திரும்பிடுவீங்க. சக்கரவாரியா எடுக்கணும். எஸ்கேப்பீஸ் சங்கத்தோட ஸ்மார்ட்வே மாதிரி, மூலைக்கு மூலை எடுத்துக் கொடுக்கிற இடங்கள் இருக்கு; டெக்சஸ் லிவிங்ஸ்டனில் உண்டு. இல்லைன்னா பக்கத்துல சமதளமா இருக்கிற எடை மேடையில், அவங்க அனுமதியோட, ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் வச்சு எடுத்து, மொத்தத்துல இருந்து கழிச்சுக்கலாம். வண்டி ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா கணக்கு பொய் சொல்லும், அது முக்கியம்.

நான் என்ன பண்ணினேன்? 40 கேலன் தண்ணியில் 12 மட்டும் வச்சுக்கிட்டேன். கேலனுக்கு 8.3 பவுண்ட், அதுலயே 230க்கு மேல போச்சு. கிரைண்டரையும் இன்னும் சில தட்டுமுட்டுச் சாமானையும் வீட்டுக்கு பார்சல் அனுப்பியாச்சு (தங்கமணி ரெண்டு நாள் பேசலை, பொடி வச்சே தோசை சுட்டோம்). டூல் பாக்ஸும் அரிசியும் இடது பக்கம் முன்னாடி போச்சு. திரும்ப எடுத்தா முன் ஆக்ஸில் 4,060, பின் இடது 4,240, பின் வலது 4,600. டயருக்கு 2,300. மொத்தத்துல குறைஞ்சது 320தான், ஆனா அந்த ஒரு மூலையில் மட்டும் 460. செலவு, ஒரு மதிய நேரம்.

தமிழ்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம். நிறுத்தி, நிறுத்து. வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்தி, நிறுத்துப் பாருங்க. இல்லைன்னா அதுவா ஒரு நாள் நிக்கும், எங்க நிக்கணும்னு அதுவே முடிவு பண்ணும்.

நண்பரே, இது உமக்குத்தான். யெல்லோஸ்டோன் போய்ட்டு வாங்க, கரடி பாருங்க, போட்டோ போடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி நாலு மூலை எண்ணையும் எனக்கு அனுப்பிட்டுப் போங்க.

டிஸ்கி: "நான் பத்து வருஷமா எடை போடாமத்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலை"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்களுக்கு: 2019 ஜூலைக்கு முந்தின நாள் வரைக்கும் நானும் அதேதான் சொல்லிட்டு இருந்தேன். மத்தவங்க தாராளமா கும்மலாம் :-)