ஆற்றை அளப்போரும் பணத்தை அளப்போரும்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நிற்போர்க்கு ஒருபுறம் கே.எல். சென்ட்ரலின் வானளாவிய கட்டடங்கள் தெரியும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அங்கே குடிகொண்டுள்ளன. மறுபுறம் சிறிது தொலைவு நடந்தால் கிள்ளான் ஆறு. அவ்வாற்றின் நீர்மட்டத்தை இரவும் பகலும் அளந்து குறித்து வைப்போர் உளர். அவ்வாறு பாயும் பள்ளத்தாக்கின் மனைகளுக்கும் மாளிகைகளுக்கும் கடன் வழங்குவோரும் உளர். இரு சாராரும் ஒரே நகரில் வாழ்கின்றனர். ஆயினும், முன்னவர் அறிந்தது பின்னவர் செவிக்குச் சென்று சேர்வதற்குரிய வாய்க்கால் இன்றுவரை ஒழுங்காக வெட்டப்படவில்லை. இந்தப் பிளவைச் சிறிய நிருவாகக் குறை என்று தள்ளிவிடுவோர் உண்டு. நான் அதனைப் பெருங்கேடு என்பேன்.

“வங்கி என்பது வாணிகம், ஆய்வு என்பது அறிவு. இரண்டையும் கலப்பதேன்?” என்று வினவுவார் சிலர். 2021 டிசம்பர் 18-ஆம் நாளை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ஒரு மாதத்தில் பெய்யவேண்டிய மழை ஏறத்தாழ ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் நீரில் மூழ்கின. மக்கள் கூரைமேல் ஏறி நின்று படகுக்காகக் காத்துக் கிடந்தனர். அப்பருவத்து வெள்ளங்களால் நாடு இழந்தது 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் ஏறத்தாழப் பாதி சிலாங்கூர் மாநிலத்தின் இழப்பு. மூழ்கிய வீடுகளுள் கடனில் வாங்கியவை எத்தனை! வீடு மூழ்கினாலும் தவணை மூழ்குவதில்லை அன்றோ? மாதந்தோறும் அது தவறாமல் வந்து நிற்கும்.

வீட்டுக் கடன் முப்பது ஆண்டு, முப்பத்தைந்து ஆண்டு என நீள்வது. கடன் வாங்குபவரின் சம்பளச் சீட்டை வங்கி துருவித் துருவிப் பார்க்கிறது. அந்த முப்பது ஆண்டில் ஆறு என்ன செய்யும், மழை எவ்வாறு மாறும் என்பதை யாரிடம் கேட்கிறது? ஒரு சவரன் நகையை அடகு பிடிக்கும் கடைக்காரர்கூட உரைகல்லில் உரைத்துப் பார்த்த பின்னரே பணத்தை எடுத்து வைப்பார். நிலத்திற்கு உரைகல் நீரியல் அறிஞரின் கணக்கும் மண்ணியல் அறிஞரின் ஆய்வும் ஆகும். அவ்வுரைகல் பல்கலைக்கழக நூலகத்திலும் வடிகால் துறையின் கோப்பிலும் உறங்குகிறது.

“ஏன், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என ஒன்று சட்டப்படியே உண்டே!” என்பது அடுத்த தடை. உண்டு. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் அதற்கு அடிப்படை; 1987-இல் அதன் ஆணை வகுக்கப்பட்டது. ஆனால், அம்மதிப்பீட்டை எழுதும் வல்லுநருக்குக் கூலி கொடுப்பவர் யார்? திட்டத்தை முன்வைக்கும் முதலாளியேதான். மணமகன் வீட்டுச் செலவிலேயே சென்று, மணமகனின் குணநலனை விசாரித்து வருவது போன்றது இது! எழுதுவோர் நேர்மையற்றவர் என்று நான் பழிக்கவில்லை. நேர்மையாளரையும் நெருக்கும் ஏற்பாடு இஃது என்கிறேன்.

நடுவண் வங்கியாகிய பேங்க் நெகாரா உறங்கிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2019-இல் பங்குச் சந்தை ஆணையத்தோடு சேர்ந்து பருவநிலை மாற்றத்திற்கென ஒரு கூட்டுக் குழுவை அமைத்தது. பருவநிலையை ஒட்டிக் கடன்களை வகைப்படுத்தும் நெறிகளை 2021 ஏப்ரலில் வெளியிட்டது. 2022-இல் உலக வங்கியோடு இணைந்து அது செய்த ஆய்வு, நம் வங்கிகளின் வணிகக் கடன்களில் 54 விழுக்காடு, நீர், மண் முதலிய இயற்கைக் கொடைகளைப் பெரிதும் நம்பியிருக்கும் தொழில்களுக்கே சென்றுள்ளது என்று காட்டியது. இதைவிடத் தெளிவாக எவர் சொல்ல இயலும்? எனினும், கடன் கோருவோர் நிரப்பித் தரும் வினாத்தாளைக் கொண்டே வகைப்படுத்தும் பணி பெரிதும் நடக்குமானால், அதனால் விளையும் பயன் யாது?

வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரு பொது நிதி திரட்டட்டும். அந்நிதியிலிருந்து ஊதியம் பெறும் அறிவியலார், கடன் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் கட்டுப்படாதவராய், பெருங்கடன் ஒவ்வொன்றிற்கும் முன்னதாகவே கருத்துரைக்கட்டும். அக்கருத்து வீடு வாங்கும் ஏழையும் படிக்கும் வண்ணம் வெளியிடப்படட்டும். செலவு மிகும் என்பார்க்கு, 610 கோடியை மீண்டும் ஒருமுறை நினைவூட்டுவதே போதும்.

அறிவியலாரையும் இங்கு விட்டுவிடுவதற்கில்லை. பணத்தைத் தொட்டால் தீட்டு என்பதுபோல் ஒதுங்கி நிற்போர் அவர்களுள் பலர். ஆய்விதழில் அச்சேறியதோடு கடமை முடிந்தது என்று எண்ணினால், ஆற்றங்கரையில் அடுத்த அடுக்குமாடி எழும்போது அவர்களும் அதற்கு உடந்தையே. 2007-இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்தைப் பாருங்கள்: வெள்ளநீர் வழிக்குள்ளேயே சுங்கச் சாலையும் அமைத்து, நீரறிவையும் நிதியறிவையும் ஒன்றாக்கினார்கள். சுங்கம் வசூலிக்க வழியிருந்ததால் கைகோத்தார்கள் என்று நகைப்போரும் உளர். நகைப்பில் நியாயம் உண்டு. இருப்பினும், கைகோக்க இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதல்லவா?

“இவையெல்லாம் தமிழராகிய நமக்கு எதற்கு?” என்று வகுப்பறையில் ஒரு மாணவன் கேட்கக்கூடும். அவனுக்குச் சாலையின் பெயரைக் காட்டுங்கள். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் நடுத்தெருவில் நின்ற காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். நிலத்தை அறிந்தவனே நிலத்திற்குப் பணம் போட்டான் என்பது அதன் பொருள். மரம் எத்தனை ஆண்டு பால் தரும் என்பதை அவனுக்கு எவரும் அறிக்கை எழுதிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்று அவன் பேரப்பிள்ளைகளின் சேமிப்பு ஊழியர் சேமநிதியில் இருக்கிறது, வங்கிகளில் இருக்கிறது. அப்பணம் எந்த ஆற்றங்கரைக்குச் செல்கிறது, எந்தக் காட்டை அழிக்கச் செல்கிறது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. கேட்பதற்கு நீரியலும் தெரிய வேண்டும். வட்டிக் கணக்கும் தெரிய வேண்டும். நம் பிள்ளைகளில் அறிவியல் பிரிவுக்குச் செல்வோர் வரவு செலவுக் கணக்கை எட்டிப் பார்ப்பதில்லை. கணக்கியல் பயில்வோர் ஆற்றை எட்டிப் பார்ப்பதில்லை. தமிழாசிரியர்கள் அடுத்த கட்டுரைப் போட்டிக்குத் தலைப்புத் தேடும்போது, “என் தாமானில் வெள்ளம் வருமா? வங்கி அதைக் கேட்டதா?” என்பதைக் கொடுத்துப் பார்க்கட்டும்.