பத்தோடு நின்றுவிடக் கூடாத எண்ணிக்கை

எண்ணக் கற்றுக்கொள்ளும் முன்பே அந்தப் பிள்ளைகள் எண்ணப்பட்டுவிட்டார்கள். கனடாவின் உறைவிடப் பள்ளிகளைச் சொல்கிறேன். அரசாங்கம் காசு கொடுத்தது, சர்ச்சுகள் நடத்தின. 1880களில் தொடங்கி 1990களின் பிற்பகுதி வரை சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் அங்கே அடைக்கப்பட்டார்கள். போனதும் முடியை வெட்டினார்கள். தாய்மொழி வாயில் வந்தால் அடி. பல பள்ளிகளில் பேருக்குப் பதில் நம்பர். துணிமணியில் நம்பர், கூப்பிடுவதும் நம்பர்.

இந்தத் துறையை 1913 முதல் 1932 வரை நடத்தியவர் டங்கன் கேம்பல் ஸ்காட். 1879இல் குமாஸ்தாவாக உள்ளே நுழைந்தவர். பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு இழுக்கும் 1920 சட்டத் திருத்தம் இவர் காலத்து வேலை. ஆள் பேர்பெற்ற கவிஞரும்கூட. நானும் குமாஸ்தா, நானும் கவிதை எழுதுகிறவன். அதனால் கூசாமல் சொல்கிறேன்: கவிதை எழுதும் அதே கை லெட்ஜரில் பிள்ளைகளை நம்பராக ஏற்றவும் செய்யும்.

அந்த லெட்ஜரின் லட்சணம் என்ன? செத்துப்போன பிள்ளைகள் 3,200 பேரை உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் கணக்கெடுத்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளின் பேரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தப் பின்னணியில் கிரீ மொழியில் எண்ணப் படிக்கும் நாலு வயசுப் பிள்ளையைப் பாருங்கள். ஆல்பர்ட்டாவிலிருந்து கியூபெக் வரை பரந்து வாழ்கிறவர்கள் கிரீ மக்கள். மொழியைப் பேசுகிறவர்கள் இன்று 80,000 பேருக்கு மேல். உச்சரிப்பு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். சமவெளிக் கிரீயில் பேயக், நீசோ, நிஸ்தோ, நேவோ, நியானன் என்று ஐந்து வரை போகும். பத்து மிதாதஹ்த். ஒன்பது கேகா மிதாதஹ்த், அதாவது 'பத்துக்குக் கிட்ட'. நம் ஒன்பதுக்குள்ளும் ஒரு 'பது' உட்கார்ந்திருக்கிறதே, அதுபோல. பதினொன்று பேயகோசாப், பன்னிரண்டு நீசோசாப். வழி பிடிபட்டால் பிள்ளை தானே மேலே போகும்.

இன்னொன்று முக்கியம். கிரீயில் உயிருள்ளது, உயிரற்றது என்று இரண்டு வகுப்பு. நமக்கு ஒருவர், இருவர் இருப்பதுபோல, இரண்டு பிள்ளைகள் என்றால் அங்கே எண்ணே வினைச்சொல்லாகிவிடும்: நீசிவக், 'இருவராய் இருக்கிறார்கள்'. உயிரற்ற பொருளுக்கு விகுதி வேறு. பிள்ளையைச் சாமான்போல எண்ண அந்த மொழி இடம் தராது. அடித்துப் பிடுங்கியது இந்த மொழியைத்தான்.

சரி, இப்போது நடப்பது என்ன? பல பள்ளிகளில் நாளைக்கு ஒரு பீரியடு கிரீ. பத்து வரை ஒரு பாட்டு, நாலு நிறம், நாலு மிருகம். அடுத்த வருஷமும் அதே பாட்டு. கணக்குப் பாடம் வந்ததும் மொழி மாறிவிடுகிறது. விழா மேடையில் பிள்ளை பத்து வரை சொல்லும், பெரியவர்கள் கைதட்டுவார்கள். அதோடு சரி. மொழியைச் சுவரில் மாட்டி மாலை போடுவதற்குப் பேர் மொழிக்கல்வியா?

கிரீயில் எண்ணி என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆங்கிலத்துக்குக் காவல் தேவையில்லை ஐயா. டிவி, கடை, ஆஸ்பத்திரி, கோர்ட்டு எல்லாமே அதன் ஆட்கள். வீட்டில் பாட்டியையும் பள்ளியில் வாத்தியாரையும் விட்டால் கிரீக்கு யார் இருக்கிறார்கள்?

கியூபெக்கின் கிரீ மக்கள் 1975 ஒப்பந்தத்தின் வழியாகத் தங்களுக்கென்று பள்ளி வாரியம் பெற்றார்கள். அங்கே வசந்தத்தில் காட்டு வாத்து வேட்டைக்காகவே பள்ளிக்கு லீவு. சுட்ட வாத்து எத்தனை, எத்தனை வீட்டுக்குப் பங்கு, மீதி எத்தனை? கூட்டல், கழித்தல், வகுத்தல் எல்லாம் அதிலேயே இருக்கிறது. அந்தக் கணக்கு கிரீயில் நடக்கட்டும். மணி பார்ப்பதும் சில்லறை கொடுப்பதும் கிரீயில் நடக்கட்டும். அதற்கு வாத்தியார் வேண்டும், புத்தகம் வேண்டும், நாளில் பாதியாவது வேண்டும். பூர்வகுடி மொழிகளுக்கான சட்டம் 2019இல் வந்துவிட்டது. சட்டம் பாடம் நடத்தாது.

தமிழில் எண்ணுதல் என்றால் நினைத்தலும்தான். நம்பராக நடத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் மொழியில் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். பத்தோடு நிறுத்திவிட்டால் அது பாட்டு. நூறைத் தாண்டவிட்டால் அந்தப் பிள்ளை ஒருநாள் லெட்ஜரைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்குக் கேட்கும்.