ஒரு ‘லாம்’ படுத்தும் பாடு

நம் வீட்டுப் பையனுக்கு 18 வயது முடிந்தால் என்ன செய்கிறோம்? காலேஜ் ஃபீஸ் கட்டுகிறோம். பைக் வேணும் என்று அடம்பிடிக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு வந்தாலும் அம்மா தோசை சுட்டுப் போடுகிறார். கல்யாணம் ஆகிறவரைக்கும் அவன் ‘சின்னப் பையன்’தான்.

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவனுக்கு அதே 18, பெட்டி கட்டுகிற வயது.

அவன் பழங்குடிப் பையனாகவும் இருந்துவிட்டால் சிக்கல் இரண்டு மடங்கு. பெரியநாயக்கன்பாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் பாலமலை. குஞ்சூர்பதி, பெரும்பதி, மாங்குழி என்று அங்கே இருளர் ஊர்கள் இருக்கின்றன. அப்படியொரு ஊரில் பிறந்து, பெற்றோரை இழந்து, கீழே ஏதோ ஒரு இல்லத்தில் பத்து வருஷம் வளர்ந்தவனை நினைத்துப் பாருங்கள். காடு மறந்துபோயிருக்கும். சரி, கீழேயே இருக்கலாம் என்று வாடகைக்கு ரூம் கேட்டால், “அப்பா எங்க வேலை பாக்கறாருங்க தம்பி? நீங்க என்ன ஆளுங்க?” இரண்டு கேள்விக்கும் உண்மையான பதிலைச் சொன்னால் ரூம் கிடைக்காது.

“அதுக்கென்னங்க, இந்தப் பக்கம் மில்லுக்கும் பவுண்டரிக்கும் பஞ்சமா? சேந்துக்குவாங்க” என்பார்கள். சேர்ந்துகொள்கிறார்கள்தான். ‘சுமங்கலி திட்டம்’ என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்தால் முடிவில் மொத்தத் தொகை என்று சொல்லி, இதே கொங்கு மண்டலத்து மில்கள் பல ஏழைப் பெண்களைச் சேர்த்தன. பாதியில் வெளியேறியவர்கள் அந்தத் தொகைக்காக அலைந்த கதைகள் நமக்குத் தெரியும். போக வீடில்லாத பெண் இப்படிப்பட்ட ஹாஸ்டலுக்கு ரொம்ப வசதி. பொங்கலுக்கு லீவு கேட்கமாட்டாள். தேடி வரவும் ஆளில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-வது பிரிவு, 18 முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவருக்கு நிதியுதவி ‘வழங்கப்படலாம்’ என்கிறது. லாம்! அரசு ஊழியருக்குச் சம்பளம் ‘வழங்கப்படலாம்’ என்று ஒரு ஆணை போட்டுப் பாருங்களேன், மறுநாள் கோட்டையில் என்ன நடக்கிறதென்று! 21 வயது வரை, மிகவும் அவசியமென்றால் 23 வரை பிற்காப்பு உண்டு என்கின்றன 2016 விதிகள். மிஷன் வாத்சல்யாவில் அதற்கு மாதம் 4,000 ரூபாய். கோவையில் அது மெஸ்ஸுக்கே சரியாகப் போய்விடும்.

இங்கிலாந்தில் இதற்கென்றே 2000-ல் தனிச் சட்டம் போட்டார்கள். 2017-ல் அதை நீட்டித்து, 25 வயது வரை கேட்டால் ஒரு ஆலோசகரைத் தரவேண்டும் என்றார்கள். தரலாம் இல்லை, தரவேண்டும்.

பணத்தைவிடக் கொடுமை பேப்பர். பழங்குடி சாதிச் சான்றிதழை இங்கே கோட்டாட்சியர்தான் தரவேண்டும். அப்பா அம்மா உள்ளவர்களே நடையாய் நடக்கிறார்கள். பெற்றோர் இல்லாதவன் யாருடைய சான்றிதழைக் காட்டுவான்? அது இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கான அந்த ஒரு சதவிகித இடஒதுக்கீடும் அவனுக்கு இல்லை. 2006 வன உரிமைச் சட்டப்படி அப்பாவுக்கு நில உரிமை கிடைத்திருந்தால் அது வாரிசுக்கு வரும். வாரிசே கீழே ஒரு இல்லத்தில் இருப்பது மேலே கிராமசபைக்குத் தெரியுமா? அவனுக்குத்தான் யார் சொல்வது?

18-வது பிறந்த நாளுக்கு முன்பே சான்றிதழும் பாஸ்புக்கும் தங்க ஓர் இடமும் அவன் கையில் இருக்க வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பு அலகும் பழங்குடியினர் நலத்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை. இரண்டுமே ஒரே கலெக்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவைதானே?