கூடம் கோணலா?

“ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம்மிடையே பெருவழக்கிலுள்ள பழமொழி. தோல்வியுற்றவன் கருவியின்மீது பழியைச் சுமத்தும்போதெல்லாம் இதனைக் கூறி அவன் வாயை அடைத்துவிடுகிறோம். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நானும் மாணவர் பலரிடத்தில் இதனைக் கூறியதுண்டு. ஆயின், அண்மைக் காலத்தில் போர்முலா 1 மோட்டார்ப் பந்தயத்தில் நிகழ்ந்தவற்றைத் தொடர்ந்து நோக்கி வந்தபோது, சில வேளைகளில் கூடம் மெய்யாகவே கோணலாக இருத்தல் கூடுமோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது. இலக்கியம் பேசும் பக்கத்தில் பந்தயக் காருக்கு என்ன வேலை என வாசகர் வினவலாம். மனிதரின் ஆற்றலை எவ்வாறு அளப்பது என்ற வினா இதனுள் அடங்கியிருப்பதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

ரெட் புல் அணி பந்தயந்தோறும் இரு கார்களை ஓடவிடுகிறது. ஒன்றினைச் செலுத்துபவர் மக்ஸ் வெர்ஸ்டப்பன். 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலக வாகை சூடியவர். மற்றைய இருக்கையின் வரலாறோ இரங்கத்தக்கது. 2018 இன் இறுதியில் டானியல் ரிக்கார்டோ விலகிச் சென்றபின் அவ்விருக்கைக்கு வந்த பியர் கஸ்லி, 2019 இல் 12 பந்தயங்களோடு இறக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த அலெக்ஸ் அல்பன் 2020 முடிவில் இடம் இழந்தார். செர்ஜியோ பெரெஸ் நான்கு பருவங்கள் தாக்குப்பிடித்து 2024 இறுதியில் வெளியேறினார். 2025 இல் லியம் லோசனுக்குக் கிடைத்தவை இரண்டே பந்தயங்கள். அவரை அடுத்து வந்த யூகி சுனோடாவும் அவ்வாண்டோடு நீக்கப்பட்டு, 2026 ஆம் ஆண்டுக்கு இசாக் ஹட்ஜார் நியமிக்கப்பட்டார்.

ஏழு பருவங்களில் ஐவர். இவ்வைவரும் ஆடமாட்டாதவர்கள்தாமா? கஸ்லி முன்பு இருந்த சிறிய அணிக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அதே 2019 இல் பிரேசிலில் இரண்டாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு இத்தாலியின் மொன்சாவில் முதலாவதாகவே வந்தார். பெரெஸ் 2020 இல் வேறோர் அணியின் காரில் சாகிர் பந்தயத்தை வென்றவர். அதன் பின்னரே ரெட் புல்லுக்கு அழைக்கப்பட்டார். திறமை வாசலில் கழற்றி வைக்கும் செருப்பன்று. வேறிடத்தில் இருந்த ஆற்றல் இவ்விடத்தில் மட்டும் மறைந்தது எங்ஙனம்?

இதற்கு விடை காண, வளைவொன்றில் கார் எவ்வாறு திரும்புகிறது என்பதை அறிதல் வேண்டும். தரையைப் பற்றுபவை நான்கு ரயர்கள் மாத்திரமே. முன்னிரண்டின் பிடி குறைவாயின், சுக்கானைத் திருப்பினும் கார் வளைய மறுத்து வெளிப்புறமாக ஒதுங்கும். பின்னிரண்டின் பிடி குறைவாயின், வால் வீசப்பட்டுக் கார் சுழன்றுபோகும். முன்னிறக்கையின் சாய்வு, சுருள்வில்லின் இறுக்கம், காருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உயரம், பிறேக் விசை முன்னும் பின்னும் பகிரப்படும் அளவு ஆகியவற்றை மாற்றி இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சமநிலையை அமைப்பர். அச்சமநிலை எங்கே அமையவேண்டும் என்பதிலேதான் ஓட்டுநர்கள் வேறுபடுகின்றனர்.

வெர்ஸ்டப்பன் விரும்புவது கத்திமுனை போன்ற முற்பகுதி. சுக்கானைத் தொட்டவுடன் மூக்கு வளைவுக்குள் பாயவேண்டும். அதனால் பின்பகுதி தளர்ந்து அசைந்தாலும் அவர் அஞ்சுவதில்லை. அசைவு தொடங்குமுன்னரே அதனைத் தம் கையால் அடக்கிவிடுகிறார். ஏனையோருட் பலர் பிறேக்கை அழுத்தி வளைவுக்குள் நுழையும் அந்தக் கணத்தில் பின்பகுதி உறுதியாக நிற்பதையே நாடுகின்றனர். பின்பகுதியில் நம்பிக்கை இல்லாதவன் சிறிது முந்தியே பிறேக்கை மிதிப்பான்; சிறிது தயங்கியே திரும்புவான். ஒவ்வொரு வளைவிலும் கண்ணிமைப்பொழுதின் ஒரு கூறு கழிந்து, சுற்று முடிவில் அது பெருந்தோல்வியாகத் திரண்டு நிற்கும். அக்காரின் கூருணர்வை விளக்கிய அல்பன், கணினிச் சுட்டியின் வேகத்தை உச்சத்துக்கு உயர்த்தினால் அது திரையெங்கும் பாய்வதை உவமையாகக் காட்டினார். இதனிலும் தெளிவாக யானும் கூறவல்லேன் அல்லேன்.

2023 ஆம் ஆண்டினை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கு பந்தயங்களில் வெர்ஸ்டப்பனுக்கு இரு வெற்றிகள். பெரெசுக்கும் இரு வெற்றிகள். பருவம் முடிந்தபோதோ வெர்ஸ்டப்பனிடம் 19 வெற்றிகளும் 575 புள்ளிகளும் இருந்தன. பெரெஸ் அவ்விரு வெற்றிகளோடு 285 புள்ளிகளில் நின்றார். கார் வளர்ச்சி பெற்ற திசை தமது கைக்கு ஒவ்வாததாயிற்று என்று அவர் முறையிட்டார். தோற்றவரின் முறைப்பாடாகவே அது கொள்ளப்பட்டது. 2024 செப்டம்பரில் மொன்சாவில் வெர்ஸ்டப்பனே தமது காரை ஓட்டவொண்ணாத அரக்கன் எனக் குறை கூறினார். அப்போதுதான் கூடம் கோணல் என்பதை யாவரும் ஒப்பினர். கூற்று ஏறத்தாழ ஒன்றே. கூறியவரின் தகுதி வேறு. அவ்வாண்டு வெர்ஸ்டப்பன் 437 புள்ளிகளோடு வாகை சூடினார். பெரெஸ் பெற்றவை 152. அணிகளுக்கான பட்டமோ 666 புள்ளிகள் பெற்ற மக்லாரனுக்குச் சென்றது; 589 பெற்ற ரெட் புல் மூன்றாமிடத்துக்கு இறங்கியது. குறைந்தவை 77 புள்ளிகளே. ஒருவர் கைக்கு மட்டும் பொருந்திய கருவியின் விலை அது.

இத்தகைய நிகழ்ச்சி புதியதன்று. மிக்கேல் ஷூமாக்கர் 1995 இல் பெனற்றன் அணிக்கு இரு பட்டங்களையும் தேடிக்கொடுத்துவிட்டு பெராரிக்குச் சென்றார். அவரிடத்துக்கு வந்த ழான் அலேசி, கெர்ஹார்ட் பேர்கர் என்னும் தேர்ந்த வீரர் இருவரும் அவர் விட்டுச்சென்ற காரின் நிலையின்மை கண்டு திகைத்தனர். 1996 இல் பெனற்றனுக்கு ஒரு வெற்றியேனும் கிட்டவில்லை. அதற்கு வேறு காரணங்களும் உள. எனினும், ஒருவரைச் சுற்றிக் கட்டிய வீட்டில் அவர் போனபின் பிறர் குடியிருத்தல் எளிதன்று என்பது அன்றே புலனாயிற்று.

இவற்றுக்கெல்லாம் வெர்ஸ்டப்பனைக் குற்றவாளி ஆக்குதல் அறமன்று. பொறியியலாளர் வேகம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் செல்வர். அவர் கையில் வேகம் கிடைத்தது. மேலும், ஒவ்வாத கருவியோடு ஒத்துப்போதலும் ஆற்றலின் ஒரு கூறேயாகும். 1988 இல் மக்லாரனின் ஒரே வகைக் காரில் அயர்ட்டன் சென்னா எட்டுப் பந்தயங்களையும் அலன் புரொஸ்ற் ஏழு பந்தயங்களையும் வென்றனர். முன்னவர் வளைவின் நடுவே விசைமிதியைத் துடிதுடிக்கத் தட்டுபவர். பின்னவர் பட்டுநூல் இழுப்பதுபோல் அமைதியாகச் செலுத்துபவர். இருவருக்கும் இடங்கொடுக்கும் கார் அமைந்தபோது, எவர் முறை சிறந்தது என்ற வினாவே பொருளற்றுப் போயிற்று.

இதே பாடத்தை 2025 இல் மக்லாரன் மீண்டும் கற்பித்தது. முன் ரயர்கள் தரையில் செய்வதைத் தம் கைகள் உணரவில்லை என லாண்டோ நொரிஸ் குறைபட்டார். அணியினர் அவரைப் பழிக்கவில்லை. முன்சில்லுத் தாங்கியின் அமைப்பைத் திருத்தி, கனடாவில் நடந்த பந்தயத்தில் அவருக்கு வழங்கினர். உடனோட்டியான ஒஸ்கார் பியாஸ்திரி பழைய அமைப்பே தமக்குப் போதும் என்றார், அதுவும் ஏற்கப்பட்டது. இருவரும் இறுதிப் பந்தயம்வரை பட்டத்துக்குப் போட்டியிட்டனர். நொரிஸ் 423 புள்ளிகளோடு உலக வாகை சூடினார், 421 பெற்ற வெர்ஸ்டப்பன் இரண்டாமவர், பியாஸ்திரி மூன்றாமவர். அவ்வொரு திருத்தமே வெற்றியைத் தந்தது என்று யான் துணியேன். முறையிட்டவனின் சொல்லைச் செவிமடுத்தவர்கள் அதனால் எதனையும் இழக்கவில்லை என்பது மட்டும் திண்ணம்.

இனி அந்த இரண்டாவது இருக்கையில் எவர் அமரினும், அவரை வெர்ஸ்டப்பனோடு ஒப்பிட்டு ஒரு நாழிகையில் தீர்ப்புக் கூறுவோர் இருக்கவே செய்வர். அவர்கள் முதலில் கேட்கவேண்டியது, இந்தக் கார் எவருடைய கைக்காக வார்க்கப்பட்டது என்பதையே. அதன் பின்னர் அவர் ஆடமாட்டாதவர் எனத் தெரிந்தால் அவ்வாறே கூறலாம்.

பழமொழி பொய்யென்று யான் கூறவரவில்லை. ஆடமாட்டாமையைக் கூடத்தின்மேல் ஏற்றுவோர் என்றும் உளர். எனினும், வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கூடம் கோணல் என்று கூறினால், பழமொழியைச் சொல்லுமுன் ஒருமுறை குனிந்து தரையைப் பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறேன்.